மீடியம் என்று போட்டிருக்கிறதே, யாருடைய மீடியம்?

கேள்வி: உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி, 2025 மார்ச் 8

நேற்றுப் பிரதான வீதியில் வீட்டுக்காரருக்கு மூன்று சேர்ட் எடுத்தேன். மூன்றிலும் 'எம்' என்றுதான் போட்டிருந்தது. ஒன்று வயிற்றில் தெறி பூட்ட மறுக்கிறது. ஒன்று அளவு. மூன்றாவதற்குள் இவரோடு இவர் தம்பியும் சேர்ந்து நுழையலாம். ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் பிரச்சினை இல்லை என்கிறார் அக்கா. புத்தாண்டுக்கு ஐந்து பேருக்கு உடுப்பு எடுக்க வேண்டும். காசு வீணாகாமல் எடுக்க என்ன வழி?

மார்ச் 8, இரவு

அக்கா சொல்வது சரி. பெரிதை எடுங்கள். பெரிதைச் சின்னதாக்கலாம், சின்னதைப் பெரிதாக்க முடியாது. நானும் வருடக்கணக்காக அப்படித்தான்.

மார்ச் 9

நேற்று எழுதியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இன்று ஞாயிறு. அலுமாரியின் மேல்தட்டை இறக்கி எண்ணிப் பார்த்தேன். 'பெரிதாக இருந்தால் என்ன, ஒல்டர் பண்ணலாம் (தையல்காரரிடம் கொடுத்து அளவு மாற்றலாம்)' என்று வாங்கி, ஒரு நாளும் ஒல்டர் பண்ணாமல் கிடப்பவை பதினொன்று. நாலு சேர்ட், மூன்று பஞ்சாபி மேற்சட்டை, இரண்டு டெனிம், விலைச்சீட்டுக்கூடக் கழற்றாத ஒரு ஸ்கேர்ட், மகனுக்கு எடுத்த ஒரு ஜக்கெட். திருகோணமலையில் ஜக்கெட்! என்ன நினைத்து எடுத்தேனோ.

ஒவ்வொன்றையும் மலிவு என்றுதான் எடுத்தேன். கூட்டினால் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கல்குலேட்டரில் கூட்டிக் காட்டினார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

மார்ச் 11

நாலு சேர்ட்டையும் பையில் போட்டுக்கொண்டு வழக்கமாகப் போகும் தையல்காரரிடம் போனேன். ஒன்றை விரித்தார். அளவுநாடாவை எடுக்கவே இல்லை. தோள் தையலில் விரலை வைத்து, அங்கிருந்து கை தொடங்கும் இடம்வரை இழுத்தார்.

"தங்கச்சி, இடுப்பைப் பிடிக்கச் சொன்னா பிடிப்பன். நீளத்தைக் குறைக்கச் சொன்னா குறைப்பன். தோள் இறங்கினதை மட்டும் கொண்டு வராதீங்க. தோளைக் கழற்றினா கையும் வரும், கொலரும் வரும். அந்த வேலைக்குப் புதுசே தைச்சுத் தருவன்."

நாலில் மூன்று அப்படியே திரும்பி வந்தன. ஒன்றுக்கு மட்டும் பக்கத் தையலைப் பிடித்துத் தந்தார், 350 ரூபா. அந்த சேர்ட்டை 1,200-க்கு எடுத்திருந்தேன். ஆகவே அதன் உண்மையான விலை 1,550, ஓட்டோக்காசு தனி.

அவர் சொன்னதையும் நான் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். தோள், கைக்குழி, டெனிமின் கவட்டு உயரம் மூன்றும் உடுப்போடு வருகிறபடிதான். அவை சரியாக இருந்தால் இடுப்பு ஒரு அங்குலம் கூடியிருந்தாலும் எடுக்கலாம். அவை பிழைத்தால் 300 ரூபாவுக்குத் தந்தாலும் வேண்டாம்.

சின்னதைப் பெரிதாக்க முடியாது என்று முதல்நாள் எழுதியதற்கும் ஒரு சேர்க்கை. தையல்கடையில் தைத்த பிளவுஸை உள்ளே திருப்பிப் பாருங்கள், பக்கத்துக்கு ஒரு அங்குலமாவது துணி விட்டு இரண்டு மூன்று வரி தையல் ஓடியிருக்கும். ஒன்றைப் பிரித்தால் அரை அங்குலம் கிடைக்கும். பிள்ளை பெற்ற எல்லாருக்கும் அந்த வரிகளின் அருமை தெரியும். தொழிற்சாலை உடுப்பைத் திருப்பினால் உள்மடிப்பு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை; அதையும் வெட்டி ஓவர்லொக் அடித்திருப்பார்கள். பிரிக்க அங்கே துணியே கிடையாது.

மார்ச் 12

"அப்ப அளந்துதான் எடுக்கணுமா? நெஞ்சளவு 39, எந்த சேர்ட் எடுக்க?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 39-ஐ மறந்துவிடுங்கள். உடம்பை அளந்துகொண்டு கடைக்குப் போனால் குழப்பம்தான். உடம்பு 39 என்றால் சேர்ட் 39 இருக்கக் கூடாது, மூச்சு விட இடம் வேண்டும். எவ்வளவு இடம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். என் வீட்டுக்காரருக்கு நாலு அங்குலம் வேண்டும், மகனுக்கு இரண்டே அதிகம்.

வீட்டில் அவர் விரும்பிப் போடுகிற ஒரு சேர்ட் இருக்கும், கொலர் தேய்ந்தும் எறிய விடமாட்டார். அதைப் பாயில் விரித்துத் தெறியெல்லாம் பூட்டி, சுருக்கத்தைக் கையால் தடவி எடுத்துவிட்டு அளங்கள். கைக்குழிக்கு ஒரு அங்குலம் கீழே, இந்தப் பக்கத் தையலிலிருந்து அந்தப் பக்கத் தையலுக்கு. எங்கள் வீட்டில் அது 21½. அதாவது சுற்றளவு 43. தோள் 17¾. பின்கழுத்திலிருந்து நீளம் 29. இந்த மூன்று எண்ணும் போதும்.

அளவுநாடாவை எடுத்தால் சில கடைகளில் முகம் மாறுகிறது. அதனால் ஒரு சிவப்பு ரிப்பன் வைத்திருக்கிறேன். ஒரு முனையிலிருந்து 17¾-இல் ஒரு கோடு, 21½-இல் இரண்டு கோடு, 29-இல் வெட்டிவிட்டேன். பர்ஸில் சுருட்டிக் கிடக்கும். மகனுக்கு நீலம். போன மாதம் நடைபாதைக் கடையில் ரிப்பனை விரித்தபோது அந்தப் பொடியன், "அக்கா, மீனா அளக்கிறீங்க?" என்றான். அளந்து முடியும்வரை அவனே மற்ற நுனியைப் பிடித்தான்.

மார்ச் 15

ஒரே எழுத்துக்கு ஏன் மூன்று அளவு என்ற முதல் கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை. நேற்றுச் சித்தப்பாவின் மகள் வந்திருந்தாள். கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தில் ஆறு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் இருந்தவள். அந்த வலயம் 1978-இல் திறந்தது; இவள் போனது வெகு பிந்தி.

அவள் சொன்னது இது. துணியை நீள மேசையில் அடுக்கடுக்காக விரித்து, மேலே வரைபடத்தாளை வைத்து, நிமிர்ந்த கத்தி மெஷினால் ஒரேயடியாக வெட்டுவார்கள். கத்தி இம்மி சரிந்தாலும் மேலடுக்கும் கீழடுக்கும் ஒன்றாக இராது. ரீசேர்ட் துணி என்றால் இன்னும் மோசம். உருளையில் இழுபட்டு வந்த துணியை விரித்து ஆற விட வேண்டும். அவசர ஓடரில் ஆறுவதற்கு முன் வெட்டினால், வெட்டிய பிறகு அது சுருங்கிக்கொள்ளும். தைத்து முடிந்ததும் அளந்து பார்க்கிறார்கள்தான், ஆனால் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ஒரு விட்டுக்கொடுப்பு உண்டு. நெஞ்சில் அரை அங்குலம் அந்தப் பக்கம், அரை அங்குலம் இந்தப் பக்கம் என்று வைத்தால், ஒரே நாளில் ஒரே வரிசையில் தைத்த இரண்டு 'எம்' ஒரு அங்குலம் வித்தியாசப்படும். இரண்டும் பாஸ்.

இது ஒரே கம்பனிக்குள். கம்பனிக்குக் கம்பனி அடி அளவே வேறு. ஒவ்வொருவரும் தங்களுக்கென ஒரு ஆளை நிறுத்தி, அந்த உடம்புக்குப் பொருந்த ஒன்றைத் தைத்து, அதிலிருந்து மற்ற சைஸ்களைக் கூட்டிக் குறைக்கிறார்கள். உங்கள் 'எம்' யாரோ ஒருவருடைய உடம்பு. அவரை நீங்கள் பார்த்ததே இல்லை.

இதற்குப் பிறகு அவள் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தேநீர் ஆறிப்போனது. ஏற்றுமதியில் மிஞ்சியது, கழித்தது என்று குவியலாக வருகிறதே, அதை 2022-இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோதுதான் நான் முதலில் கிளறத் தொடங்கினேன். அந்தக் குவியலில் கறைக்காகக் கழித்ததும் இருக்கும், தையல் பிழைத்ததும் இருக்கும், அளவு பிழைத்ததும் இருக்கும். அதாவது கழுத்தில் 'எல்' என்று தைத்த பிறகு, இது 'எல்' அளவில் இல்லை என்று அந்தத் தொழிற்சாலையே தள்ளிய உடுப்பு. அதை நான் கழுத்து எழுத்தை மட்டும் நம்பி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்!

லேபிளைப் பாதி வெட்டியோ கறுப்பு மையால் கோடு போட்டோ விற்கும்போது நான் பிராண்ட் பெயர் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பார்க்க வேண்டியது பக்கத் தையலை என்கிறாள். ரீசேர்ட்டை இரண்டு தோளிலும் பிடித்துத் தொங்க விட வேண்டும். பக்கத் தையல் நேரே கீழே இறங்க வேண்டும். வயிற்றுப்பக்கம் சுற்றிக்கொண்டு வந்தால் துணி முறுக்கு. தோய்க்கத் தோய்க்க இன்னும் முறுகும், தையல்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மார்ச் 16

டெனிமுக்குக் கழுத்தில் சுற்றிப் பார்த்தால் போதும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பட்டியைப் பூட்டி மடித்துக் கழுத்தைச் சுற்றினால் இரண்டு முனையும் பிடரியில் முட்ட வேண்டும், அதுதானே? எங்கள் அம்மாவும் சொல்வார். இரவு வீட்டில் இருந்த ஐந்து டெனிமையும் எடுத்து, போடுகிறவர் கழுத்திலேயே சுற்றினோம்.

மூன்றுக்குச் சரி வந்தது. மகனுக்குப் பொய்த்தது. பதினைந்து வயது, கழுத்து கொக்கு மாதிரி, இடுப்பும் பின்புறமும் அப்பாவைக் கொண்டது. அவன் கழுத்துப்படி எடுத்தால் தொடைக்கு மேல் ஏறாது. ஐந்தாவது என்னுடையது. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

நாடாவால் அளந்தபோது இன்னொன்று தெரிந்தது. 32 என்று போட்ட டெனிமின் பட்டி 34 இருக்கிறது, 32 என்று போட்ட மற்றதில் 33. தாழ்ந்த இடுப்பு டெனிம் நிற்பது இடுப்பில் இல்லை, அதற்குக் கீழே அகன்ற இடத்தில். ஆகவே பழைய டெனிமின் பட்டி அகலத்தோடு, முன்பட்டியிலிருந்து கவட்டுத் தையல்வரை உள்ள உயரத்தையும் ரிப்பனில் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 22

இது விஷயத்துக்கு வெளியே. இல்லை, கொஞ்சம் உள்ளேதான்.

நேற்று வெள்ளி. வேலை முடிந்து வரும் வழியில் மகனுக்கு ஒரு சேர்ட் எடுத்தேன். ரிப்பன் மற்றப் பையில் கிடந்தது. கண்மட்டத்தில் எடுத்தேன். பில்லோடு ஏழு நாளுக்குள் கொண்டு வந்தால் மாற்றித் தருவோம் என்றார்கள். அப்படியே கோணேசர் கோயிலுக்குப் போனேன். பிரட்ரிக் கோட்டை வாசலுக்குள் ஸ்கூட்டரை விட்டு, பையைக் கொளுவியில் மாட்டிவிட்டு, மகனுக்கு அழைப்பு எடுக்கப் பத்தடி தள்ளிப் போயிருப்பேன். திரும்பினால் ஒரு மான் பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டு நிற்கிறது. ஊர் மான், ஆளுக்குப் பயமில்லை. சேர்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பில் போய்விட்டது. வாயோரம் ஒரு வெள்ளைத் துண்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

சேர்ட் பெரிது. இன்று கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பில் இல்லாமல் மாற்ற முடியாதாம். மான் தின்றது என்று சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை, அந்தப் பிள்ளையை எப்படிக் குறை சொல்ல?

அலுமாரியில் கிடந்த பதினொன்று இப்போது பன்னிரண்டு.

மார்ச் 23

"பில்லைப் போட்டோ எடுத்து வைக்கலாமே" என்று எழுதியவருக்கு: ஆம். இனி எடுப்பேன். மான் ஆணா பெண்ணா என்று கேட்டவருக்கு: தெரியவில்லை.

மார்ச் 29

தையல் தெரிந்த ஒருவர், உலகம் முழுக்க ஒரு நியம அளவு வைத்தால் தீருமே என்று எழுதியிருக்கிறார். முயன்று பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1939-40-இல் விவசாயத் திணைக்களம் (ஆம், விவசாயம்தான்) ஏறக்குறைய 15,000 பெண்களை ஆளுக்கு 59 இடத்தில் அளந்தது. 1941-இல் அறிக்கை வந்தது. அதை வைத்து 1958-இல் பெண்கள் உடுப்புக்கு ஒரு நியமம் வெளியிட்டார்கள். கம்பனிகள் போகப் போகத் தங்கள் போக்கில் போயின. 1983-இல் அதையும் கைவிட்டுவிட்டார்கள். வெள்ளைப் பெண்களின் அளவை மட்டும்தான் கணக்கில் எடுத்தார்கள். உப்புவெளி அக்காமார் அந்தப் பதினையாயிரத்தில் இல்லை.

அதற்குப் பிறகு எண்ணைக் குறைத்து ஆளைச் சந்தோஷப்படுத்துகிற தந்திரம் வந்தது. உடுப்பின் அகலம் கூடும், எண் அப்படியே நிற்கும். 'எனக்கு இப்பவும் அதே சைஸ்தான்' என்று வாங்குகிறவர் சிரித்துக்கொண்டே காசு கொடுப்பார். நானும் கொடுத்திருக்கிறேன்.

நாட்டுக்கு நாடு எண்ணும் வேறு. ஒரே சட்டையில் யூகே 12, யூஎஸ் 8, ஐரோப்பா 40 என்று மூன்றும் சேர்ந்திருக்கும். லேபிளைப் பாதி வெட்டி, 12 மட்டும் மிஞ்சியிருந்தால் அது எந்த நாட்டு 12? பஞ்சாபியில் 38 என்று போட்டிருந்தாலும் இதே கேள்விதான். உடம்பு 38-ஆ, சட்டை 38-ஆ? கடைக்காரரிடம் கேட்டால், "உங்களுக்கு வரும் அக்கா" என்பார். எல்லாருக்கும் வரும் அவருக்கு.

ஏப்ரல் 5

முகநூலில் நேரலை போட்டு விற்பவர்களிடம் எடுக்கலாமா என்று கேட்டீர்கள். 'ஃப்ரீ சைஸ்' என்றால் நான் நகர்ந்துவிடுவேன். என் அனுபவத்தில் அது ஒல்லியான ஒரு ஆளுக்குத் தைத்துவிட்டு வைத்த பெயர். மற்றதென்றால், உடுப்பைத் தரையில் விரித்து அதன் மேல் நாடாவை வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் அனுப்பினார், அவரிடம் எடுத்தேன், சரியாக இருந்தது. ஒருவர் பதில் போடவில்லை. மூன்றாமவர் ஒரு மொடலின் படத்தை அனுப்பி, "இவக்கு வந்திருக்கு" என்றார்.

ஏப்ரல் 6

நேற்றிரவு வீட்டுக்காரர் இந்த இழை முழுவதையும் வாசித்துவிட்டு, "பதினெட்டு வயசில இருந்து எனக்கு சறம் சரியா வருது" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சறம், சேலை, வேட்டி எதற்கும் எழுத்தும் எண்ணும் கிடையாது. உடுக்கிறவர் கையில்தான் அளவு.

பள்ளிக்கூடச் சீருடைக்கும் அரசாங்கம் தருவது துணிதான், தைத்த சட்டை இல்லை. சில வருடங்களாக அது சீனாவின் அன்பளிப்பாக வருகிறது. துணி எங்கிருந்து வந்தாலும் தைப்பது எங்கள் ஊர்த் தையல்காரர்தான். "வளரும் பிள்ளை, கீழ்மடிப்பை நல்லா விடுங்க" என்று எல்லாத் தாய்மாரும் ஒரே வசனத்தைச் சொல்வோம். வருட நடுவில் மடிப்பைப் பிரித்தால் புது வெள்ளையில் ஒரு பட்டை தெரியும், அதற்கு மேலே பழைய வெள்ளை. அந்தப் பட்டையோடு நானும் படித்தேன்.

இந்தக் கணக்கில் முழுதும் தைத்தே போடலாமே என்று தோன்றும். வேலைக்குப் போடும் சேர்ட்டுக்கு நான் இப்போது அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் புத்தாண்டுக்கு முன் தையல்கடையில் துணி கொடுத்தால் வைகாசியில்தான் கையில் வரும்.

ஏப்ரல் 12

நாளை மறுநாள் வருடப்பிறப்பு. நடைபாதை முழுக்கக் கடை. நோன்புப் பெருநாளுக்குக் கிண்ணியா, மூதூர்ச் சனத்தோடு நிறைந்த அதே இடம், இப்போது இன்னொரு தடவை. இந்த நெரிசலில் போட்டுப் பார்க்க அறை ஏது? மெல்லிய ரீசேர்ட்டோடு போய், அதற்கு மேலேயே சேர்ட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லி மகனைக் கூட்டிப் போனேன். வெட்கப்பட்டான், போட்டான். கையை முன்னால் நீட்டச் சொன்னேன், அப்புறம் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன். முதுகு இழுத்தது, வேண்டாம் என்று வைத்தோம். ரிப்பன்படி அது சரி. ரிப்பன் அகலத்தை மட்டும்தான் சொல்லும், முதுகு வெட்டைச் சொல்லாது. இதை மார்ச் 12-இல் எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி கேட்ட தங்கச்சி ஐந்து பேருக்கும் எடுத்துவிட்டாராம். நாலு சரி, ஐந்தாவது மாமியாருடையது, அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். பேசவில்லை.

என் பன்னிரண்டில் ஏழு போய்விட்டன. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெனிம் இரண்டும், ஸ்கேர்ட்டும், மேற்சட்டைகளும் அச்சாக வந்தன. ஜக்கெட்டை நுவரெலியாவுக்கு மாற்றலாகிப் போகும் ஒரு சக ஊழியர் எடுத்தார். மிஞ்சியது தோள் இறங்கிய மூன்று சேர்ட், இடுப்புப் பிடித்த ஒன்று, மான் சேர்ட். மான் சேர்ட்டை மகன் போட்டுக்கொண்டு திரிகிறான். பெரிதாகப் போடுவதுதான் இப்போது ஸ்டைலாம்.

ஏப்ரல் 19

ஒன்றை மறந்தே போனேன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒல்டருக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை தோய்த்துக் காய விடுங்கள். பருத்தி நூற்றுக்கு மூன்று நாலு சுருங்கும், ரேயான் அதைவிடக் கூடவும் இழுக்கும். 29 அங்குல நீளத்தில் ஒரு அங்குலம் போனால், சேர்ட் காற்சட்டையிலிருந்து வெளியே வரத் தொடங்கும். புதிதாக இருக்கும்போது 350 கொடுத்து இடுப்பைப் பிடித்த அந்த ஒரு சேர்ட், நேற்று முதல் தோய்ப்புக்குப் பிறகு வீட்டுக்காரர் வயிற்றில் தெறி பூட்ட மறுத்தது. பிரித்து விடலாமா என்று கேட்டுப் போனால் தையல்காரர் வெட்டிய துணியைக் காட்டச் சொல்வார்.

புத்தாண்டுக்கு எடுத்த நீலச் சேர்ட்டை இன்று காலை தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறேன். போடும் முன் அளந்தேன், 29. காய்ந்த பிறகு எழுதுகிறேன்.

ஏப்ரல் 19, பின்னேரம்

28½. தோளில் மாற்றமில்லை.